இரண்டு மூட்டை அரிசி

பூபாலனும் நானும் பங்கு போட்டு வாங்கிய சின்ன கார் அது. பந்தயத்தில் அவன் ஓட்டுவான். நான் இடப்பக்கம் உட்கார்ந்து அடுத்த வளைவு எப்படி என்று சொல்லிக்கொண்டே வருவேன். பனியில் ரோடே தெரியாதபோதும் என் குரலை நம்பி மிதிப்பான். பின் சீட்டைக் கழற்றினோம், டயரை அகலமாக்கினோம், இப்போது புது ஸ்பிரிங். வெளியூர் போயிருந்த நான் ஒரு நாள் முன்னதாகவே திரும்பி, நேரே பட்டறைக்குப் போனேன். காரின் நான்கு சக்கரங்களும் நான்கு தராசுகளின் மேல் நின்றன. ஆள் ஏறினால் வண்டி எப்படி நிற்குமோ அதே எடையோடு அப்படி நிறுத்தித்தான் ஸ்பிரிங்கைத் திருக வேண்டும். பூபாலன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே இருந்தான். என் சீட்டில் இரண்டு அரிசி மூட்டைகளை அடுக்கி பெல்ட் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கதவில் கை வைத்துக் குனிந்து, "ரெண்டும் சேர்ந்தா அம்பது கிலோதானே பாய், நான் எம்பது. இன்னொரு மூட்டை வைங்க" என்றேன். மெக்கானிக் நசீர் பாய் சக்கரத்தடியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உக்காரப்போற ஆளு அம்பது கிலோன்னுதான் இவரு சொன்னாருங்க." நான் பூபாலனைப் பார்த்தேன். அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நாளைக்குத்தானே வர்றேன்னு சொன்னே" என்றான். பாய் கடைசியாக ஒரு திருகு திருகிவிட்டு எழுந்து, தராசுகளைச் சுற்றி வந்து பார்த்தார். "எல்லாம் சரியா வந்துருச்சு. இனி யாரும் வண்டி மேல கை வைக்காதீங்க." என் கை இன்னும் கதவில்தான் இருந்தது.