கீழ் வீட்டுப் பிள்ளை அழுவதில்லை

"அம்புட்டு அழுகை அழுதிருக்கான், நீங்க புரண்டுகூடப் படுக்கல!"

ஹெல்மெட்டைக் கையில் எடுத்த அருண்பாண்டி அப்படியே நின்றான். சத்யப்ரியாவின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அவள் தோளில் கிடந்த பிள்ளை, மூக்கடைப்பில் கொர்கொர்ரென்று மூச்சுவிட்டது. பிறந்து இருபத்திரண்டு நாள்.

"அசதி சத்யா. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்."

"எனக்கு அசதி இல்லையா? நேத்து ராத்திரி மட்டும் ஏழு தடவை எந்திரிச்சிருக்கேன். குடிச்சு முடிச்ச கையோட மறுபடியும் கேக்குறான். எனக்குப் பாலே ஊறலையோ என்னவோ..."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். தலைப்பிரசவம். மேலூரில் அவள் அம்மா காலை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு கிடந்தார். தாய்வீட்டுக்குப் போக வழியில்லாமல், தல்லாகுளத்தில் இந்த மாடி வீட்டிலேயே பிள்ளையோடு இருந்தாள்.

"நர்ஸக்கா சொன்னாங்கல்ல? மூணாவது வாரத்துல பிள்ளை திடீர்னு வளருமாம். மணிக்கொரு தரம் பால் கேக்குமாம். பால் பத்தலன்னு அர்த்தமில்ல, நாலஞ்சு நாள்ல சரியாயிரும்னு..."

"அது வரைக்கும் நான் சரியா இருக்கணும்ல?"

அருண்பாண்டி ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தான்.

"கீழ் வீட்டைப் பாருங்க" என்றாள் அவள். "அந்தப் பிள்ளைக்கும் ஒரு மாசந்தான் இருக்கும். சளியும் பிடிச்சிருக்கு, தும்முறது இங்க வரைக்கும் கேக்குது. ஆனா என்னிக்காச்சும் அது வீறிட்டு அழுதிருக்கா? 'ங்'ன்னு ஆரம்பிக்கும், அதோட சரி. அதுக்குள்ள தூக்கிடுறாங்க. விடிய விடிய லைட்டு எரியுது. புருஷனும் பொண்டாட்டியும் மாத்தி மாத்தி முழிச்சிருக்காங்க. அவரும் காலையில வேலைக்குத்தானே போறாரு?"

கீழ் வீட்டுக்கு ராம்கியும் பவதாரிணியும் குடிவந்து எட்டு நாள்தான் ஆகிறது. வீட்டுச் சொந்தக்காரர் இருப்பது சென்னையில். பேர் தெரிந்ததே, வாசலில் கிடந்த ஒரு கூரியர் கவரைப் பார்த்துத்தான்.

"எப்படிச் சமாளிக்குதுன்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேளேன்."

"கேக்காமலா இருப்பேன்? முந்தாநாள் அது துணி காயப்போட்டுட்டு இருந்துச்சு. இங்கருந்து நாலு தடவை கூப்பிட்டேன், நிமிந்துகூடப் பாக்கல. கெட்டிக்காரிக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தானே செய்யும்!"

அவன் ஆபீசுக்குக் கிளம்பிப் போனான்.

பதினோரு மணிக்குப் பிள்ளை மறுபடியும் வீறிட்டது. மூக்கு அடைத்திருந்ததால் இரண்டு வாய் உறிஞ்சுவதும், மூச்சுக்குத் திணறி விட்டுவிடுவதும், பசியில் துடிப்பதுமாக இருந்தது. தோளில் போட்டாள், நடந்தாள், தட்டிக்கொடுத்தாள். முக்கால் மணி நேரமாகியும் அழுகை ஓயவில்லை. சட்டென்று அவளுக்குப் பிள்ளையைப் பிடித்து உலுக்கி 'நிறுத்துடா' என்று கத்தவேண்டும்போல் வந்தது. பதறிப்போய்ப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"உடனே வாங்க. எனக்கு என்னைப் பாத்தாலே பயமா இருக்கு."

கால் மணி நேரத்தில் அருண்பாண்டி வந்துவிட்டான். பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டான். நிமிர்த்திப் பிடித்ததும் பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

"வா, கீழ போவோம். தலைக்கனமோ என்னவோ, கேட்டுருவோம். நமக்கு வேண்டியது வழி."

கீழ் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. தரையில் விரித்த பாயில் குழந்தை படுத்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்து அதன் நெஞ்சில் லேசாகக் கைவைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் பவதாரிணி. குழந்தை உதட்டைச் சப்பியது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, தன் கையையே தேடியது. ஒரு சிணுங்கல்கூட வரவில்லை. அதற்குள் அவள் அதன் மூக்கில் உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து விட்டுத் துடைத்து, தூக்கி மடியில் போட்டுப் பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அருண்பாண்டி சங்கடத்தோடு திரும்பி நின்றுகொண்டான். சத்யப்ரியா மலைத்துப்போய்ப் பார்த்தாள். அப்போதுதான் அவளைக் கவனித்த பவதாரிணி, முகமெல்லாம் சிரிப்பாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வரச்சொல்லிக் கையசைத்தாள்.

அந்தச் சிரிப்பில் சத்யப்ரியா உடைந்துபோனாள்.

"எப்படிம்மா உன்னால முடியுது? அழுகுறதுக்கு முன்னாடியே உனக்கு எப்படித் தெரியுது? நான் தோத்துட்டேம்மா. எனக்கும் சொல்லிக்குடு."

அவள் பேசி முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்திருந்த பவதாரிணி, ஈரமாயிருந்த அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்தாள். எத்தனை மணிக்குப் பால், எப்போது சொட்டு மருந்து என்று கோடு போட்டு எழுதியிருந்தது. ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை ராம்கி முறை, இரண்டிலிருந்து ஆறு வரை அவள் முறை. புதுப் பக்கத்தைத் திருப்பி வேகமாக எழுதி நீட்டினாள்.

அருண்பாண்டி வாங்கிச் சத்தமாகப் படித்தான்.

"நீங்கள் தோற்கவில்லை அக்கா. வாயைச் சப்பும், கையைத் தேடும், தலையைத் திருப்பும். பார்த்ததும் தூக்கிவிடுங்கள். ராத்திரி முறையை அண்ணனோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்..."

அடுத்த வரியில் அவன் குரல் நின்றுபோனது. சத்யப்ரியா எட்டிப் பார்த்தாள்.

"எங்கள் இரண்டு பேருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது அக்கா; அழட்டும், எழுந்துகொள்ளலாம் என்று எங்களால் தூங்க முடியாதே!"