அரைக் கட்டை

தேய்ந்துகொண்டே வந்த திங்களைக் கைவிடாமல் தன் சடையில் ஏற்றிக் காத்த பெருமான், ஓசூர் மலைமேல் வீற்றிருக்கும் பிறைசூடி, இச்சிறுகதைக்கும் துணை நிற்பானாக.

"இது உங்க வேலையா, திம்மராயண்ணா?"

பக்திப் பாடகி பொற்கொடி கைப்பேசியை நீட்டினாள். அவளுடைய யூடியூப் சேனலில் ரசிகர் ஒருவர் எழுதியிருந்தார்: 'முன்பு ஆறு கட்டையில் பாடிய அதே பாட்டு இப்போது ஐந்தரைக் கட்டை. சுருதியை இறக்கி ஏமாற்றுகிறீர்கள்.'

அவள் குழுவில் தொடக்க நாள் முதல் கீபோர்டு வாசிக்கும் திம்மராயன், கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஆமாம்மா. நான்தான் எறக்கி வெச்சன்."

"என்னக் கேக்காமயா? எதுக்கு?"

"என் காதுக்கு அதுதான் சொகமா இருந்துச்சு."

"காது உங்களுது, பேரு என்னுது! அது மட்டுமா? வேப்பனப்பள்ளிக் கோயில்ல கூப்பிட்டப்ப டேட் இல்லன்னு சொன்னதும் நீங்கதானாமே?"

"அன்னிக்குக் காலையிலதான் ராயக்கோட்டையில பாடியாச்சேம்மா."

"பாடறது நானு. உங்க விரல் வலிச்சா ஓரமா ஒக்காருங்க. எனக்கு வர்றத ஏன் தடுக்கறீங்க?"

புல்லாங்குழல் வாசிக்கும் மாதேஸ்வரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். திம்மராயன் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் குழலைத் துடைக்கத் தொடங்கினான்.

பொற்கொடி விடவில்லை.

"தமிழு, தெலுங்கு, கன்னடம்னு மூணு பாஷையிலயும் பாடறவ வேணும்னு பெங்களூரு மியூசிக் கம்பெனி இப்பத்தான் என்னத் தேடி வந்திருக்கு. இந்த ஒரு ஆல்பம் நல்லபடியா வந்துச்சுன்னா பாட்டையே நம்பிப் பொழச்சுக்குவன். இல்லன்னா மறுபடியும் ஃபேக்டரி பஸ்ல ஏறி ஷிப்டுக்குப் போகணும். அத நீங்களே கெடுப்பீங்களா? நாளையிலருந்து வர வேணாம்ண்ணா."

திம்மராயன் கீபோர்டை உறையிலிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார்.

"மைக்க கிட்ட வெச்சுப் பாடும்மா."

"எனக்கே சொல்லித் தர்றீங்களா? போங்கண்ணா!"

அவர் இடத்துக்குப் புதிய இளைஞன் ஒருவன் மடிக்கணினியோடு வந்தான். எல்லாப் பாட்டும் பழையபடி ஆறு கட்டைக்கு ஏறின. ஆடி மாதம் பிறந்தது. காலையில் ஓர் ஊரில் கூழ் வார்க்கும் விழா, மாலையில் வேறோர் ஊரில் அம்மன் ஊர்வலம். அழைத்தவர் எவரையும் பொற்கொடி மறுக்கவில்லை.

'பழைய பொற்கொடி திரும்பிவிட்டார்' என்று ரசிகர்கள் கொண்டாடினர்.

பெங்களூரிலிருந்து பாட்டுக்கான இசைத்தடம் வந்தது. கேட்டவுடனே முகம் சுளித்தாள்.

"இதுவும் அஞ்சரைக் கட்டையா? என்னப்பத்தி இவங்களுக்கு யாரு சொன்னது? ஆறுக்கு ஏத்தச் சொல்லு."

ஏற்றி அனுப்பினார்கள்.

பதிவறையின் கண்ணாடிக்கு அப்பால் கம்பெனிக்காரர்கள் புன்னகையோடு அமர்ந்திருந்தனர். பல்லவி நன்றாகவே வந்தது. அனுபல்லவியில் உச்சத்தைத் தொட்டபோது குரல் இரண்டாகப் பிளந்தது. வெந்நீர் வந்தது. மறுபடி பாடினாள். காற்றுதான் வந்தது. சுருதியை இறக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்குள் கீழ்ச் சுரங்களும் அவளைக் கைவிட்டிருந்தன.

"ரெஸ்ட் தகொள்ளி மேடம். ஆமேலே நோடோணா" என்றார் ஒருவர் கன்னடத்தில், மிக மரியாதையாக.

'பிறகு பார்க்கலாம்' என்பதற்கு எந்த மொழியிலும் ஒரே பொருள்தான் என்பதை அவள் அறிவாள்.

ஓசூர் திரும்பும் வண்டியில் மாதேஸ்வரன் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அத்திப்பள்ளி தாண்டியதும் பொறுக்க மாட்டாமல் பேசினான்.

"அக்கா, காய்ச்சலோட ஒரு திருவிழாவுல பாடினியே, ஞாபகம் இருக்குதா? அன்னிக்கே மேல போறப்ப உன் குரலு பிசிறடிச்சுது. ஜனங்களுக்குத் தெரியல. அண்ணன் கேட்டுட்டாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"'சொன்னா அந்தப் பொண்ணு பயந்துக்கும்டா. பயந்த தொண்ட பாடாது. நாம எறங்கிக்கலாம்'ன்னாரு. எங்க எல்லாருக்கும் தெரியும். அந்தச் சுருதிக்குன்னு நான் வேற குழலே வாங்கினன். ஒரே நாள்ல ரெண்டு கச்சேரி வேணாம்னு டேட்டத் தள்ளினதும் அதுக்குத்தான்."

"பெங்களூரு..." என்றாள்.

"உன் பாட்ட அந்தக் கம்பெனிக்கு அனுப்பினதே அவருதான்க்கா. அஞ்சரையில போடுங்கன்னு சொல்லி வெச்சதும் அவருதான். நீதான் ஏத்தச் சொல்லிட்ட."

பொற்கொடி திம்மராயனின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் தொழிற்சாலைச் சங்கு ஊதுவது கேட்டது.

"சொல்லும்மா. ஷிப்டுக்குள்ள போறன், போன வாங்கி வெச்சுக்குவாங்க. சீக்கிரம் சொல்லு."

"அண்ணா..."

அந்த ஒரு சொல்லே கிழிந்து வந்தது. மறுமுனையில் அவசர அவசரமாக அவர் குரல்:

"பேசாதம்மா! இதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத. மன்னிப்பெல்லாம் குரலு வந்தப்புறம் கேட்டுக்கலாம்."

தேய்ந்த பிறையைத் தலைமேல் தாங்கிய பெருமான், இதைக் கேட்பவர் எவராயினும் அவர்தம் குரலையும், அவர் அறியாமலே அவரைத் தாங்கி நிற்கும் கைகளையும் நெடுங்காலம் காத்தருள்வானாக.