முள் வைத்த ரோஜா

ஏழாவது ஆல்பத்தையும் மூடிவைத்தார் பெண்ணின் அப்பா.

"ரோஜா எல்லாம் அழகாத்தான் இருக்கும்மா. ஆனா ஒண்ணுலயும் முள் இல்லையே! என் பொண்ணு கல்யாணப் பத்திரிகை. முள் இல்லாத பூவைப் போட்டா அவளுக்கே சிரிப்பு வந்துடும்."

அச்சகத்தில் டிசைன் செய்பவளுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. 'ஏதோ ஒண்ணு போடுங்க' என்று கைகழுவிவிட்டுப் போகும் அப்பாக்களைத்தான் அவள் தினமும் பார்க்கிறாள். இவரோ பழைய பாணி ரோஜாக்கொடியைத் தேர்ந்தெடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, மொட்டுக்கு ஓர் இலை, காம்புக்கு மூன்று முள் என்று பார்த்துப் பார்த்து வரையவைத்தார்.

புரூஃபை வாங்கிப் படித்தவரின் முகம் சுருங்கியது. "வருஷத்தை மாத்திட்டீங்களே?"

"போன வருஷத்தைப் போட்டு எழுதியிருந்தீங்க சார். கை தவறிடுச்சோன்னு நான்தான் திருத்தினேன்."

"தவறலம்மா. கல்யாணம் போன வருஷமே முடிஞ்சுது. 'பத்திரிகையில உங்க பேர் இருக்கணும்பா'ன்னு எவ்வளவோ கெஞ்சினா. நான்தான் வீம்பா மறுத்துட்டேன்."

அவள் வருஷத்தைப் பழையபடி மாற்றினாள். அவர் பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

"எத்தனை அடிக்கட்டும் சார்?"

"ஒண்ணு போதும்மா. அவ வீட்டுக் கதவை வெறுங்கையோட எப்படித் தட்டறது?"