ஏழாவது ஸ்டிக்கர்

ஒரு பொறியியல் கல்லூரி லேபில், ஒயர்களைச் சூட்டால் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்று, உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அதே அலமாரியில், தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் ரோபோ கார் ஒன்றும் இருந்தது.

'செய்து கற்போம்' என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தார்கள். அதன்படி, வருடம் தவறாமல் மாணவர்கள் அந்தக் காரை எடுத்துத் தூசி தட்டி, பழைய பெயர்களின் மேல் தங்கள் பெயரை ஒட்டி, சொந்த ப்ராஜெக்ட் என்று காட்டுவார்கள். இது ஏழாவது ஸ்டிக்கர்.

"உன் வலது சக்கரத்து ஒயர் பிஞ்சு தொங்குது. இந்தத் தடவை என்னைச் சூடாக்கித்தான் ஆகணும்," என்றது அயர்ன்.

"செல்லோடேப் இருக்கிற வரைக்கும் உனக்கு வேலை கிடையாது," என்றது கார்.

டேப்தான் ஒட்டினார்கள். தேர்வு நாளில், வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் முன்னால் கார் அரை அடி ஓடி, நின்ற இடத்திலேயே சுற்றியது. அவர் காரைக் கவிழ்த்து, ஸ்டிக்கர்களை நகத்தால் நெம்பி அடிவரை பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அழுத்தி ஒட்டிவிட்டு, 'புதுமையான முயற்சி' என்று எழுதி முழு மதிப்பெண் போட்டார்.

கார் அலமாரிக்குத் திரும்பியதும் அயர்ன் ஆவலாகக் கேட்டது: "மாட்டிக்கிட்டாங்களா?"

"எங்கே! அடியில இருந்த முதல் பேரே அவரோடதுதான். என்னைக் கீழே வைக்கும்போது மெதுவா ஒண்ணே ஒண்ணு கேட்டார்: 'அந்த ஒயரை இன்னுமா யாரும் பத்தவைக்கல?'"