காகிதப்பூவுக்குத் தண்ணீர்

“செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?” போனில் மனைவி கேட்டாள்.

“இப்பதான் ஊத்திட்டு வந்து உட்கார்ந்தேன்,” என்றார் கணவர், சோபாவில் படுத்தபடியே.

அவள் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து தினமும் இதே கேள்வி, இதே பதில். அவரோ பால்கனிக் கதவைத் திறக்கவே இல்லை. அங்கே இருந்தது, அவள் பெற்ற பிள்ளையைப் போல வளர்க்கும் காகிதப்பூச் செடி. வருஷக்கணக்கில் இலையாய்த் தழைத்ததே தவிர, பேருக்கு ஒரு பூ பூத்ததில்லை.

அவள் திரும்பி வரும் நாள் காலையில்தான் அவர் சோபாவை விட்டு எழுந்தார். வாளித் தண்ணீரோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். பாதி இலை உதிர்ந்திருந்தது. மீதி இடமெல்லாம், கிளையே தெரியாமல் ரோஸ் நிறப் பூ!

பின்னாலேயே பெட்டியோடு அவளும் வந்து நின்றாள்.

“பார்த்தியா? ஒருநாள் தவறாம ஊத்தினேன்ல!” என்று மார்தட்டினார்.

அவள் தொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். மண் வெடித்துக் கிடந்தது. சிரித்துவிட்டாள்.

“காய்ஞ்சாத்தான் இது பூக்கும், நான்தான் ஊத்தி ஊத்தியே கெடுக்கறேன்னு நர்சரிக்காரர் சொன்னாரு. கண்ணெதிர்ல இருந்தா எனக்கு மனசு கேக்குமா? அதான் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.”

“அப்புறம் எதுக்கு என்னைத் தினமும் ஊத்தச் சொன்னே?”

அவர் கையிலிருந்த வாளியைப் பத்திரமாக வாங்கிக்கொண்டாள்.

“ஊத்தாதீங்கன்னு சொல்லியிருந்தா, அதுக்கும் நேர்மாறா ஊத்தியிருப்பீங்களே!”