திருப்பி அனுப்பிய கார்டுகள்

மறுபடியும் சிவப்பு விளக்கு எரிந்தது. சுசீலாவின் கார்டுதான், வேறு யாருடையது!

அம்பத்தூர் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் சுசீலா கணக்குத் தாளில் உள்ள எண்களை மெஷினில் அடித்துக் கார்டில் துளைகளாகப் பதிப்பாள். அதே கணக்கை வனஜா இன்னொரு மெஷினில் திரும்ப அடித்துச் சரிபார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விளக்கு எரியும். தப்புக் கார்டை சூப்பர்வைசர் மேஜைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

வனஜா அனுப்பியதே இல்லை. சுசீலா வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாவம், திட்டு வாங்குவாளே என்று தானே புதுக் கார்டு அடித்து வைத்தாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

சுசீலாவுக்கென்ன, படபடவென்று அடித்துத் தள்ளிவிட்டு நூம்பலில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் பிடித்துவிடுவாள். அவள் தப்புகளோடு மாரடிப்பது வனஜா.

இருவரில் ஒருத்தியைத்தான் நிரந்தரம் செய்வார்களாம். நேற்று சூப்பர்வைசர் இராமகிருஷ்ணன் எல்லோர் எதிரிலும் சுசீலாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வனஜாவுக்கு வயிறு எரிந்தது. யார் உழைப்பில் யாருக்குப் பேர்!

போதும்டா சாமி. இன்றைக்கு ஒரு கார்டைக்கூட அவள் சரிசெய்யவில்லை. தப்பாக வந்ததையெல்லாம் தட்டில் அடுக்கி அனுப்பினாள். பார்க்கட்டும், கண்ணால் பார்க்கட்டும்.

மத்தியானம் இராமகிருஷ்ணன் தட்டோடு எழுந்து வந்தார். வனஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் சுசீலாவைத் தாண்டி நேரே வனஜாவிடம் வந்து நின்றார்.

"இத்தனை மாசத்துல சுசீலா கார்டு ஒண்ணாவது திரும்பி வந்திருக்காம்மா? நீதான் தப்பா அடிச்சிருக்கே. உன் கவனம் எங்கே இருக்கு?"

வனஜா கணக்குத் தாளை நீட்டினாள். அவர் அதை வாங்கக்கூட இல்லை. தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வாய் துடித்தது. ஆனால் எதைச் சொல்வது? இத்தனை மாதமும் தப்பை மறைத்தவள் நான்தான் என்றா?

சுசீலா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"இன்னா வனஜா, உடம்பு சரியில்லியா? நீ சும்மா குந்து. உன்னுதையும் சேத்து நானே அடிச்சிக் குடுத்துர்றேன். யாருக்கும் தெரிய வாணாம்."

வனஜா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். கிண்டல் துளியும் இல்லை.

ஐயோ, தான் ஒரு தப்பும் செய்ததே இல்லை என்று இவள் நிஜமாகவே நம்பிக்கொண்டிருக்கிறாள்!