மூடாத ஃபைல்

“ஒரே ஒரு கமாண்ட், தம்பி. அதை அடிக்க மூணு நாளா?”

மேடம் சர்வர் ரூம் வாசலில் நின்றார். சர்வர்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“முடியாது, மேடம்.”

ஆபீஸே அவனைத் திட்டிக்கொண்டிருந்தது. எல்லோருடைய ஃபைல்களையும் வைத்திருக்கும் சர்வர் மென்பொருள் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் திக்கியது. டிஸ்க் நிரம்பியதில், யார் எப்போது வந்து போனார்கள் என்ற பதிவும் போன புதன்கிழமையே நின்றுவிட்டது. குப்பையைத் துடைத்து, புது வெர்ஷன் ஏற்றி, ஒருமுறை நிறுத்தி ஓடவிட்டால் சரியாகிவிடும்.

“உள்ள முட்டை வச்சு அடைகாக்குறியா?” என்று காலையில் அக்கவுண்டன்ட்கூடக் கேட்டுவிட்டுப் போனார்.

அடைகாத்தது உண்மைதான். ஒரே ஒரு வரியை.

எந்த ஃபைலை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்ட ஒரு கமாண்ட் உண்டு. அடித்தால் கறுப்புத் திரையில் வரிசையாக வரும். கடைசி வரியில் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணன் பெயர். பாலத்தின் வரைபடம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு இருபதிலிருந்து, வீட்டு லேப்டாப்பில்.

மூன்று மணிக்கு, அந்த லேப்டாப் முன்னாலேயே அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார்.

ரெஜிஸ்டர்படி அன்று மதியம் அவருக்கு லீவு. வேலை பார்க்கும்போது இறந்தால் மனைவிக்கு ஆபீஸில் வேலை கொடுப்பார்கள். லீவில் இறந்தால் ஒரு மாலையோடு சரி. இரண்டு பெண் குழந்தைகளோடு அண்ணி அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார். அவர் சொன்னால், வேலைக்காகச் சொல்கிறார் என்பார்கள். இவன் திரையை ஃபோட்டோ எடுத்துக் காட்டினால், நீயே தயார் பண்ணினாய் என்பார்கள். இன்று மூன்று மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். அவர் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று காத்திருந்தான். சர்வரை நிறுத்தினால் அந்த வரி போய்விடும்.

“அண்ணி, லேப்டாப்பை மட்டும் மூடிடாதீங்க” என்று போனில் சொல்லியிருந்தான். அவர் சார்ஜரைச் செருகிவிட்டு, மூன்று நாளாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

லீவில் இருந்தவரைக் கூப்பிட்டு வேலை வாங்கியது யாரென்றும் அவனுக்குத் தெரியும். பால வரைபடம் மேடத்தின் பொறுப்பு. அண்ணனுக்கு வேலை சொல்ல அவரை விட்டால் ஆளில்லை.

“எனக்காக அடிச்சிடுப்பா” என்றார் மேடம். “பால ஃபைல் திறக்க முடியாம பூட்டிக் கிடக்கு, போறதுக்குள்ள அதை ஒப்படைக்கணும். அப்புறம், உன்கிட்ட ஒரு விஷயம்...”

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஆளையும் கொன்னுட்டு, இருக்குற ஒரே தடயத்தையும் அழிக்கணுமா, மேடம்? நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?”

மேடத்தின் முகம் சுருங்கிப்போனது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, “சரிப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். என்ன தடயம் என்றுகூடக் கேட்கவில்லை. அப்படியென்றால் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினான்.

சொன்னபடி மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கமாண்டை அடித்தான்.

திரை அசையவில்லை. இன்னொரு தரம் அடித்தான். மென்பொருள் திக்கித் திக்கி, தானாகவே விழுந்து, தானாகவே எழுந்தது. மறுபடி அடித்தபோது பட்டியல் காலியாக இருந்தது.

“சார், இங்கதான் இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு.”

ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். அண்ணிக்கு இனி என்ன பதில் சொல்வது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“அழாதீங்க. இது எனக்குத் தேவையே இல்ல. உங்க மேடம் சனிக்கிழமையே எழுதிக் குடுத்துட்டாங்க.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ‘லீவில் இருந்தவரை நான்தான் போனில் அழைத்து, வரைபடத்தை முடிக்கச் சொன்னேன். நான் கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் அவர் இறந்தார்.’ கீழே மேடத்தின் கையெழுத்து.

“அவர் மனைவிக்கு அடுத்த மாசமே வேலை கிடைச்சிடும். இவங்க வேலைதான் போச்சு. லீவுல இருக்குறவங்களை வேலை வாங்கினா அதுதான் ரூல். மதியமே கிளம்பியிருப்பாங்க.”

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்து கலங்கித் தெரிந்தது.

அதிகாரி எழுந்து பையை மாட்டிக்கொண்டார்.

“காலையில போன்ல பேசினேன். போறதுக்கு முன்னாடி உங்களை மட்டும் பார்த்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போகணும்னாங்களே, வந்தாங்களா?”